முன்னறைக் கறிவேப்பிலை

சனிக்கிழமை காலையானால் எங்கள் வீட்டுக்காரியம்மாள் மிஸஸ் ஹோல்ட் ஒரு கிண்ணத்தில் பாலை எடுத்துக்கொண்டு முன்னறைக்குள் போவாள். பூனைக்கு என்று நினைத்துவிடாதீர்கள்; பூனை கதவுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருக்கும். ஒரு துண்டுத் துணியைப் பாலில் நனைத்து, அங்கே பீங்கான் தொட்டியில் நிற்கும் செடியின் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். மேல்பக்கம் துடைத்து, பிறகு இலையைத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கமும் துடைப்பாள். கைப்பிள்ளைக்கு முகம் துடைக்கிற பதனம்தான். பூக்கிற செடியா, காய்க்கிற செடியா என்றால் அதுவும் இல்லை. ஆஸ்பிடிஸ்ட்ரா என்று வாய்க்குள் நுழையாத பேர். நீள நீளமான வெறும் இலை. நம் பக்கத்தில் வாய்க்கால் ஓரத்தில் முளைத்திருந்தால் எருமை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்து போய்விடும். முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பாலுங்க! மாடு வைத்துப் பிழைக்கிற வீட்டில் பிறந்தவள் நான். கீழே ஒரு சொட்டுச் சிந்தினால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லுவார்கள். இங்கே இலைக்கு முகம் கழுவ அது!

இங்கே என்றால் ஓல்டாம். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கிற மில் ஊர். எண்ணி முடியாத புகைக்கூண்டுகள். துவைத்துப் போட்ட வேட்டி மத்தியானத்துக்குள் காக்காய் நிறத்துக்கு வந்துவிடும். எங்கள் வீட்டுக்காரர் கோயமுத்தூர் மில் ஒன்றுக்காக, நூற்பு இயந்திரம் செய்கிற தொழிற்சாலையில் வேலை பழக வந்தவர். அவர் பேரைச் சொல்லமாட்டேன். இந்தத் தேசத்தில் பெண்டாட்டிகள் புருஷனைப் பேர் சொல்லி மாடிப்படியிலிருந்து கத்திக் கூப்பிடுகிறார்கள். எனக்கு இத்தனை வருஷமாகியும் அது மட்டும் வரமாட்டேன் என்கிறது. இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் என்னையும் கூட்டிவந்தார். தொழிற்சாலையிலேயே நல்ல வேலை கொடுத்துப் பிடித்துப் போட்டுக்கொண்டார்கள். பேச்சு அதோடு நின்றுபோயிற்று.

சூலூரிலிருந்து புறப்படும்போது நகை இரண்டு, பட்டு நான்கு, பெருங்காய டப்பா ஒன்று, பிறகு ஒரு கறிவேப்பிலைக் கன்று. மண்ணெண்ணெய் டின்னைப் பாதியாக வெட்டி, செம்மண் போட்டு, அதில் கன்றை வைத்துக் கொண்டுவந்தேன். கொழும்பில் கப்பல் ஏறினோம். உப்புக் காற்றுப் பட்டால் கருகிவிடும் என்று என் சீலை முந்தானைக்குள் வைத்து மூடியே கடலைத் தாண்டினேன். "அம்மணி, கடலைப் பார்க்க வந்தயா, கறிவேப்பிலையைப் பார்க்க வந்தயா?" என்று அவர் கேலி பண்ணினார். நாங்கள் வந்து இறங்கியது வெயில் காலம். மிஸஸ் ஹோல்ட் வீட்டு மாடியில் இரண்டு அறை எங்களுக்கு. சமையற்கட்டு இருவருக்கும் பொது. பின்னால் கல் பாவிய சின்ன முற்றம். அங்கே வைத்ததும் செடி என்னைவிடச் சீக்கிரம் ஊர் பழகிக்கொண்டது. ஊரில் செய்கிற மாதிரியே புளித்த மோரை அதன் வேருக்கு ஊற்றினேன். அதைப் பார்த்து மிஸஸ் ஹோல்ட் வாயைப் பொத்திக்கொண்டாள். தான் பாலை இலைக்குத் தடவுவது சரி, நான் மோரை வேருக்கு ஊற்றுவது பைத்தியம்! ஆனால் அந்த மோர் புளித்து வீச்சமடித்தும் அவள் மூக்கைச் சுளிக்கவில்லை. அதை நான் அவளுடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

ஆடி ஆவணி வாக்கில் நான் மாசமானேன். அதிலிருந்து எனக்குச் சோறு பகையாகிவிட்டது. எந்தத் தெருவில் திரும்பினாலும் ஆட்டுக் கொழுப்பு உருகுகிற வாசம், கரிப்புகை, ஈரக் கம்பளி. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. ஒன்றே ஒன்றுதான் உள்ளே போய்த் தங்கிற்று. கறிவேப்பிலையை நெய்யில் மொறுமொறுவென்று பொரித்து, உப்பும் மிளகும் போட்டு நசுக்கி, சுடுசோற்றில் பிசைந்தால் நாலு வாய் இறங்கும். ஒரு நாளைக்கு இரண்டு ஈர்க்கு. அதற்கு மேல் பறித்தால் செடி தாங்காது. அதற்குக் கீழே குறைந்தால் நான் தாங்கமாட்டேன். தாய் வீட்டுக்குப் போய்ப் பெற்றுக்கொள்ள வேண்டிய முதல் பிள்ளை. இங்கே வாய்க்குப் பிடித்ததைப் பண்ணிப் போட ஆள் கிடையாது. அந்தச் செடி பட்டுப்போனால் என் வயிற்றில் இருப்பதற்கு என்ன கதி என்று ராத்திரியில் எழுந்து போய் இலையை எண்ணிவிட்டு வருவேன். சிரிக்காதீர்கள். மசக்கை கண்டவர்களுக்குத் தெரியும்.

புரட்டாசி கழிகிற சமயத்தில் இந்த ஊர் மரங்களுக்குப் பெருவாரி நோய் வந்துவிட்டது என்று நான் நம்பினேன். காலையில் எழுந்து பார்த்தால் தெருவோர மரமெல்லாம் மஞ்சள், சிவப்பு. அடுத்த வாரம் மொட்டை. ஒருத்தருக்கும் கவலை இல்லை! பிள்ளைகள் இலைக் குவியலை உதைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகின்றன. நம் தோட்டத்தில் இப்படி நாலு மரம் உதிர்ந்தால் மந்திரிக்க ஆள் கூட்டிவருவார்கள். அந்தச் சமயத்தில்தான் மிஸஸ் ஹோல்ட் முற்றத்துக்கு வந்து, என் செடியைக் காட்டி, "உள்ளே எடு லவ், இன்றைக்கோ நாளைக்கோ ஃப்ராஸ்ட் விழும்" என்றாள். லவ் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாரையும் கூப்பிடுகிற வார்த்தை, நம்முடைய கண்ணு மாதிரி; ஃப்ராஸ்ட் என்பது செடியைக் கருக்குகிற உறைபனி. செடியை வீட்டுக்குள் வைப்பதா? மனுஷர் மூச்சு விடுகிற இடத்தில், கூரைக்கு அடியில், மழையும் வெயிலும் படாமல்? கோழியைக் கூடையில் கவிழ்ப்போம், கன்றுக்குட்டியை மழைக்குத் தாழ்வாரத்தில் கட்டுவோம்; செடியைப் போய் யார் வீட்டுக்குள் அழைப்பார்கள்?

அவள் அதை வைத்த இடம் இன்னும் பெரிய அதிசயம். முன்னறை, பார்லர் என்பார்கள், வீட்டிலேயே நல்ல அறை. ஜமக்காளம், பியானோ, வெல்வெட் நாற்காலி எல்லாம் அங்கேதான். ஆனால் ஒருத்தரும் அதில் உட்காரமாட்டார்கள். சாவு, கலியாணம், பாதிரியார் வருகை, இதற்கு மட்டும்தான் திறப்பது. மற்ற நாளெல்லாம் ஆஸ்பிடிஸ்ட்ராவுக்குச் சொந்தம். அப்பேர்ப்பட்ட அறையில், சன்னலோர மேசைமேல் தன் செடிக்குப் பக்கத்திலேயே என் டின் செடிக்கும் இடம் கொடுத்தாள். அது மட்டுமா? வயிற்றுப்பிள்ளைக்காரி குளிரில் கிடக்கக் கூடாது என்று, அங்கே இருந்த, குளிர்காய்கிற கேஸ் அடுப்பைக் கொளுத்தி, என்னையும் பகலெல்லாம் வெல்வெட் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள். என்னையும் செடியையும் ஒரே மாதிரி பார்த்துக்கொண்டாள். கூதல் காலச் செடி வளர்ப்பை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். தண்ணீரைக் கைச்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி ஊற்ற வேண்டும். மண் காய்ந்தால்தான் மறுபடி ஊற்ற வேண்டும். சாயங்காலம் கண்ணாடிக்கும் செடிக்கும் நடுவில் பழைய செய்தித்தாளை மடித்துச் செருக வேண்டும். எல்லா இலைக்கும் வெளிச்சம் படத் தொட்டியைத் தினம் கொஞ்சம் திருப்ப வேண்டும். பிறகு சன்னலை மூட வேண்டும், கதவை மூட வேண்டும், கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கில்கூடத் துணிச்சுருளை வைத்து அடைக்க வேண்டும். காற்று என்றால் அவர்களுக்குத் திருடன் மாதிரி.

அந்த அறையில் ஒரு நாற்றம் இருந்தது. அதை இப்போது எழுதும்போதும் எனக்கு மூச்சு முட்டுகிறது. அழுகின முட்டையும் பூண்டும் தாரும் கலந்த மாதிரி, லேசாக, ஆனால் விடாமல். முதல் நாளே எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இங்கிலீஷ்காரர் வீட்டு நாற்றம் இது, நம் வீட்டில் சாணி வாசம் இருக்கிறதில்லையா, அதுபோல இவர்களுக்கு இது என்று முடிவு கட்டிக்கொண்டேன். அவரிடம் மட்டும் மெதுவாகக் கேட்டேன். "ஊரே நாறுது, இந்த ஊட்டை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகுது" என்றார். பொழுது விடிய வேலைக்குப் போய் இருட்டினதும் வருகிறவர். நேராக மாடிக்குப் போய்விடுவார். அந்த முன்னறைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

நான் ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சோமனூரில் என் பெரியம்மா வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். எனக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும். இலையில் ஊற்றின நெய் காறிப்போயிருந்தது. நான் மூஞ்சியைக் கோணினேன். அம்மா யாருக்கும் தெரியாமல் என் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளிவிட்டு, சிரித்த முகமாக, "ஏனுங்க அக்கா, நெய்யி அத்தனை மணமா இருக்குதுங்க, புள்ளைக்கு இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றாள். ஊற்றினார்கள். தின்றேன். திரும்பி வரும்போது வண்டியில் வைத்துச் சொன்னாள்: "ஒருத்தரு ஊட்டுக்குப் போனா மூக்கை வாசல்லயே கழட்டி வெச்சுப்போட்டுப் போகோணும் கண்ணு." கொங்கு நாட்டுப் பெண்ணுக்கு மரியாதை என்பது பேச்சில் சேர்க்கிற 'ங்க' மட்டும் இல்லை. பிறத்தியார் வீட்டில் குறை கண்ணில் படாது, மூக்கில் ஏறாது, நாக்கில் வராது. அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள். மிஸஸ் ஹோல்ட் தன் வீட்டிலேயே நல்ல அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறாள். அதைப் போய் நாறுகிறது என்பதா?

ஐப்பசி கடைசியில் செடி உதிர ஆரம்பித்தது. மஞ்சளானது உதிர்ந்தால் சரி என்று விடலாம். பச்சை இலை, நல்ல தளதளவென்று இருக்கிற இலை, தொட்டால் கழன்று விழுந்தது. காலையில் மேசைமேல் ஒரு கை இலை கிடக்கும். அள்ளி அப்படியே பொரித்துத் தின்றேன்; வேறென்ன செய்ய? இப்படியே போனால் தை பிறக்கக் குச்சிதான் மிஞ்சும். எதனால் என்று யோசித்து யோசித்து எனக்குக் கிறுக்குப் பிடித்தது. குளிர் என்றார் அவர். அறையோ கதகதவென்று இருக்கிறது. பக்கத்தில் ஆஸ்பிடிஸ்ட்ராவோ கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் நிற்கிறது. ஒரு நாள் சாயங்காலம் முன்னறைக் கதவைத் திறந்தேன். அங்கே மிஸஸ் ஹோல்ட் பால் கிண்ணமும் துணியுமாக என் கறிவேப்பிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைத்த பிறகு செடியைத் தொடுகிறாள்! பொழுது சாய்ந்தால் செடி தூங்கப் போய்விடும், தொடக் கூடாது, பறிக்கக் கூடாது என்று நம் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். அகப்பட்டாள் திருடி என்று எனக்கு ஆகிவிட்டது.

"நோ டச்!" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷே அவ்வளவுதான். "நைட். பிளான்ட் ஸ்லீப்." மணி அப்போது நாலு கூட ஆகவில்லை. இந்த ஊர் மார்கழியில் சூரியன் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடும். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சண்டை போட்டுவிட்டோமே, வீட்டைவிட்டுப் போகச் சொன்னால் என்ன செய்வது என்று நான் இரவெல்லாம் புரண்டேன். மறுநாள் சாயங்காலம் போய்ப் பார்த்தால், கறிவேப்பிலைக்கு ஒரு கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தது. அவள் கையால் பின்னின சால்வை. செடி தூங்குகிறதாம், குளிருமாம்! நான் அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன். இத்தனை நல்ல மனுஷியைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் இலை உதிர்வது நிற்கவில்லை.

செடியோடு நானும் உதிர்ந்தேன். ஐந்தாம் மாசம் ஆகியும் வாந்தி நிற்கவில்லை. நெற்றிப்பொட்டில் ஓயாமல் இடி. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தால் கண் செருகும், கால் பஞ்சாகும். சமையற்கட்டுக்குப் போய்ப் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கறிவேப்பிலை பொரிக்கும்போது கொஞ்சம் தெளியும். ஆகா, இலையின் குணம் என்று நினைத்துக்கொள்வேன். மிஸஸ் ஹோல்டுக்கும் தலைவலி. கூதல் வந்தால் தனக்கு எப்போதும் இப்படித்தான் என்றாள். டாக்டர் வந்தார். முதல் பிள்ளை, புதுத் தேசம், கவலைப்படாதே, கதகதப்பான அறையில் ஓய்வெடு என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் சொல்பேச்சுக் கேட்டு அதே அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு புதன்கிழமை. முந்தின நாள் காலையிலிருந்து வயிற்றில் அசைவு இல்லை. அதற்கு முன் இரண்டு வாரமாக மீன்குஞ்சு துள்ளுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நிசமாகிவிடும் என்று பயம். அவர் வேலைக்குப் போனதும் முன்னறைக்கு வந்தேன். செடியில் ஒரு இலை இல்லை. கடைசி ஈர்க்கும் மேசைமேல் கிடந்தது. அவ்வளவுதான், போச்சு, எல்லாம் போச்சு என்று ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டேன். மிஸஸ் ஹோல்ட் ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, செடிதானே, செடிதானே என்று முதுகைத் தடவினாள். செடிக்காக மட்டும் அழவில்லை என்று சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மிஸஸ் பார்லோ கதவைத் தட்டினாள். அவள் வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். வாட்டசாட்டமான பொம்பளை, வாய் கொஞ்சம் நீளம். சில வாரங்களாக அவள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போவதும், மிஸஸ் ஹோல்ட் குரலைத் தாழ்த்தி ஏதோ சமாதானம் சொல்வதும் எனக்குத் தெரியும், என்னவென்றுதான் தெரியாது. அன்றைக்கு அவள் நேராக உள்ளே வந்தாள். மூக்கில் கைக்குட்டை.

"நீ நல்லவள், நீ சொல்லமாட்டாய். நானே சொல்கிறேன்" என்று மிஸஸ் ஹோல்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உன் சமையல், அம்மா! உன் சமையல் நாற்றம் சுவரைத் தாண்டி என் வீட்டுக்குள் வருகிறது. ஒரு மாதமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். தலை வெடிக்கிறது!"

குக்கிங், ஸ்மெல், வால், ஹெட். எனக்கு வேண்டிய வார்த்தை எல்லாம் அதில் இருந்தது. என் சமையலா? எனக்கு எங்கிருந்து அத்தனை ஆங்காரம் வந்ததோ தெரியவில்லை. வளர்த்த வளர்ப்பு, மரியாதை, அம்மாவின் கிள்ளு எல்லாம் பறந்துபோயிற்று. விருட்டென்று எழுந்து சமையற்கட்டுக்குப் போனேன், என் பெருங்காய டப்பாவை எடுத்துவந்து அவள் மூஞ்சிக்கு நேரே கவிழ்த்தேன். காலி. வந்த மாசத்திலேயே தீர்ந்துபோன டப்பா. "நோ குக்கிங் ஸ்மெல்!" என்று கத்தினேன். "இது உங்க நாத்தம்! இங்கிலீஷ் ஸ்மெல்! இந்த ரூம், ஆல் டே ஸ்மெல், எக் ஸ்மெல்! நான் பேசாம இருந்தேன்! மரியாதைக்குப் பேசாம இருந்தேன்!" பாதி தமிழ், பாதி இங்கிலீஷ்.

மிஸஸ் பார்லோ வாயைத் திறந்தபடி நின்றாள். அவள் இந்த நாற்றத்தை என் நாற்றம் என்று நினைத்திருக்கிறாள். நான் அவர்களுடைய நாற்றம் என்று நினைத்திருக்கிறேன். மிஸஸ் ஹோல்ட் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"என்ன நாற்றம்?"

யுத்தம் முடிந்த சமயத்தில் வந்த விஷக்காய்ச்சலில் அவளுக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு மல்லிகையும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். அக்கம்பக்கம் வந்து நாறுகிறது என்று சொன்னபோது அவளும் இந்தியச் சமையல் என்றே நம்பினாள். நம்பினாலும் என்னிடம் சொல்லவில்லை. தூரதேசத்துப் பெண், வயிற்றுப்பிள்ளைக்காரி, மனம் நொந்துபோவாள் என்று எனக்காக எல்லாரிடமும் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர் மரியாதையும் அவள் ஊர் மரியாதையும் சேர்ந்து ஒரு மாதமாக என்னைக் கொன்றுகொண்டிருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகு விளங்கினது. அந்த நிமிஷத்தில் நான் பார்த்தது மிஸஸ் பார்லோவின் முகத்தைத்தான். அவள் கைக்குட்டையை எடுத்துவிட்டு ஒருமுறை ஆழமாக மோந்தாள். மொட்டைக் குச்சியாக நின்ற செடியைப் பார்த்தாள். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் போனாள்.

"கேஸ்" என்றாள்.

அவ்வளவுதான். குனிந்து எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தாள். சன்னலைத் தூக்கினாள், வண்ணம் பூசி ஒட்டிப்போயிருந்தது, முழங்கையால் இடித்துத் திறந்தாள். பிறகு என்னைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். செருப்பில்லை, சால்வையில்லை. வெளியே பனி. மிஸஸ் ஹோல்ட் பின்னாலேயே ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அந்த வெல்வெட் நாற்காலி! தெருப்பனியில் அதைப் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். தெருவே கூடிவிட்டது. தினம் தினம் நெருப்புப் பற்றவைத்தோமே அந்த அறையில் என்ற நினைவு அப்போதுதான் வந்தது. என் பல் கிட்டிக்கொண்டது.

கேஸ் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். சன்னலோர மேசைக்கு நேர் கீழே, தரைப்பலகைக்கு அடியில் ஓடின குழாய் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. நிலக்கரியிலிருந்து எடுக்கிற விஷக் கேஸ், மெல்லத்தான் கசிந்ததாம், கதவிடுக்கில் துணி வைக்காத வீடாக இருந்திருந்தால் வெளியே போயிருக்குமாம். செடிகொடி முதலில் இலையைக் கொட்டிவிடும், ஆஸ்பிடிஸ்ட்ரா ஒன்றுதான் கேஸுக்கும் அசையாது, அதனால்தான் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு அதை வைத்திருக்கிறார்கள் என்றார்கள். அதனால்தானா அந்தப் பாலும் துணியும்? விஷத்தில் பிழைத்துக் கிடக்கிற ஒன்றை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு, அது வாடாததைப் பார்த்து வீடு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களே!

டாக்டர் வேறு எங்கோ பிரசவத்துக்குப் போயிருந்தார், மாலைக்குத்தான் வருவார். மிஸஸ் பார்லோ என்னைத் தன் வீட்டுச் சமையற்கட்டுக்கு அழைத்துப்போய், கதவை அகலத் திறந்துவைத்து, அடுப்பின் முன் உட்காரவைத்தாள். மிஸஸ் ஹோல்ட் என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேய்த்தாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நோ மூவ். பேபி நோ மூவ். டூ டேஸ்" என்றேன். முதல்முறையாக இன்னொருத்தரிடம் சொல்கிறேன். மிஸஸ் பார்லோ ஒரு கோப்பைத் தேநீரில் சர்க்கரையை அள்ளிப்போட்டு என் கையில் திணித்தாள். வீட்டில் முட்டைக்கோஸ் வேகிற நாற்றம், கருகின கொழுப்பு நாற்றம். எனக்கு இனி என்ன மிச்சம் இருக்கிறது? சொல்லிவிட்டேன். "யுவர் ஹவுஸ். பேட் ஸ்மெல்." அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "கேபேஜ்" என்றாள். பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்க ஒரு சிரிப்புச் சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று. மிஸஸ் ஹோல்டும் சிரித்தாள். நானும் சிரித்தேன், எதற்கென்று கேட்டால் தெரியாது. அந்தச் சிரிப்பில் என் விலாவுக்குக் கீழே ஒரு உதை விழுந்தது.

கோப்பை கீழே விழுந்து உடைந்தது. பிறத்தியார் கையை வயிற்றில் வைக்க விடக் கூடாது, கண்படும் என்பார்கள் நம்மவர்கள். நான் அந்த இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டேன். மறுபடியும் ஒரு உதை. மூன்று பேரும் ஓவென்று அழுதோம்.

சித்திரையில் பெண் பிறந்தாள். அதே வாரம், குச்சியாக நின்ற செடியின் அடியிலும் துளிர் வந்தது. குழாயை மாற்றினார்கள், இன்றைக்கும் ஒவ்வொரு கூதலுக்கும் செடி உள்ளே வருகிறது, மாடியில் எங்கள் அறைக்கு. என்னிடம் ஒரு மாறுதல் மட்டும் வந்தது. எந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தாலும் முதலில் மோந்து பார்க்கிறேன், பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தெருவில் அதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. புதிதாகக் குடிவருகிறவர்கள் என்னைக் கூப்பிட்டு, வந்து மோந்து பார்த்துச் சொல் லவ் என்று அழைத்துப்போகிறார்கள்.

போன வருஷம் மகளைக் காட்ட சூலூருக்குப் போயிருந்தோம். பிள்ளையைப் பார்க்க உறவுமுறையெல்லாம் வந்து முன்கூடத்து ஆசாரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். நுழைந்ததும் மூக்கில் ஏறிற்று. மேலே அட்டாலிப் பரணில் எலி கிலி செத்துக் கிடந்திருக்க வேண்டும். "அம்மா, ஊடு நாறுது. புள்ளைக்கு ஆகாது. சன்னலத் தொறங்க" என்று அத்தனை பேர் நடுவிலும் உரக்கச் சொன்னேன். சோமனூர்ப் பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா என் கையைப் பிடித்துச் சமையற்கட்டுக்குக் கூட்டிப்போனாள். எனக்கு நடந்ததில் ஒரு எழுத்துக்கூட அவளுக்குத் தெரியாது. பயந்துபோவாள் என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. பேத்தியின் கன்னத்தைத் தடவிக்கொண்டே, நிசமாகவே தெரியாமல் கேட்டாள்:

"விருந்தாடியா வந்தவங்களும் இப்படிப் பேசமாட்டாங்க, ஊட்டுல பொறந்த புள்ளையும் இப்படிப் பேசாது. நீ இப்ப யாரு கண்ணு?"

மகள் என் தோளில் தூங்கிப்போயிருந்தாள். அவள் மூச்சு என் கழுத்தில் ஒழுங்காகப் பட்டுக்கொண்டிருந்தது. அதை எண்ணிக்கொண்டே போய்ச் சமையற்கட்டுச் சன்னலைத் திறந்துவிட்டேன்.